ஜன்னல் கழுவ பெரிய மோட்டர் வேணாம், நல்ல ஹோஸ் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல வாசகர் கடிதம் பக்கத்தில குப்பை அள்ளாதது, பஸ் கொண்டக்டர் மிச்சக்காசு குடுக்காதது, ரோட்டை வெட்டிப்போட்டு மூடாதது எண்டு எல்லாம் வருது, அதெல்லாம் வரத்தான் வேணும், ஆனா நான் எழுதப்போறது ஜன்னல் கழுவுற மோட்டரையும் ஹோஸ் பைப்பையும் பற்றி. சிரிக்காம கொஞ்சம் வாசியுங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இப்ப தொடர்மாடி இல்லாத ஒழுங்கை இல்லை, கட்டுறவை எல்லாரும் முன்பக்கம் முழுக்க கண்ணாடி வச்சுத் தான் கட்டுறாங்கள், கட்டேக்க அதை ஆர் கழுவுறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல. மரைன் டிரைவ் பக்கம் பாருங்கோ, கடல் காத்தில உப்பு வந்து ஒட்டும், கரையோர ரெயில் டீசல் புகை அதுக்கு மேல படியும், மே மாசத்தில இருந்து தென்மேல் பருவக்காத்து வேற அடிச்சுக்கொண்டே இருக்கும். ரெண்டு மாசம் விட்டா கடல் தெரியாது, கண்ணாடி தான் தெரியும்.

இந்த வேலைக்கு இப்ப எங்கட பொடியன்மார் கனபேர் இறங்கியிருக்கிறாங்கள், மலையகத்தில இருந்து வந்தவை, வடக்கில இருந்து வந்தவை, கொழும்புப் பொடியன்மார், எல்லாரும் இருக்கினம். நல்ல விஷயம். ஆனா சாமான் வாங்குற விதம் தான் எனக்குப் பிடிக்கேல்ல. நானும் இந்த கிளீனிங் வேலையில இருக்கிறவன் தான், அதால சொல்றன். ஹார்ட்வெயாருக்குப் போய் "அண்ணை, நாலாம் மாடிக்கு தண்ணி ஏறோணும், பெருசா ஒரு மோட்டர் தாங்கோ" எண்டு கேக்கிறது, அவரும் தண்ணித் தாங்கிக்கு ஏத்துற அரைக் குதிரைவலு மோட்டரை தூக்கிக் குடுக்கிறது, பிறகு மிச்சம் இருக்கிற காசுக்கு ஆக மலிவான மெல்லிய ஹோஸ் ஒரு சுருள். மேல போய்ப் பாத்தா தண்ணி ஒழுகுது. அடுத்த கிழமை ஒரு குதிரைவலு மோட்டர் வாங்குவினம். அதுவும் சரிவராட்டி பழையபடி ஏணியும் வாளியும். ஏணியில மூண்டாம் மாடிக்கு ஏறி ஒரு கையால ரப்பர் வைப்பர் இழுக்கிறதை காலி வீதியில போறவை எல்லாரும் பாத்திருப்பினம், பாத்துப் பழகிட்டினம்.

வெளிநாட்டில இந்த வேலை எப்பிடி நடக்குது எண்டு சொல்றன். நீளமான கம்பு ஒண்டு, கார்பன் பைபர் இல்லாட்டி கிளாஸ் பைபர், நுனியில பிரஷ், பிரஷ்ஷுக்குள்ள ரெண்டு சின்ன ஜெட், கம்புக்குள்ளால மெல்லிய டியூப், கீழ இருந்து ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப் தண்ணியைத் தள்ளும். ஆள் நிலத்தில தான் நிப்பார். பிரிட்டனில 2005இல உயரத்தில வேலை செய்யிறது பற்றின சட்டவிதி வந்தது, ஏறாம செய்யக்கூடிய வேலைக்கு ஏறக்கூடாது எண்டது தான் அதின்ர முதல் கட்டளை, இந்தக் கம்பு முறை அங்க அவ்வளவு பரவினதுக்கு அதுவும் ஒரு காரணம். நாலு மாடி, கூடினா அஞ்சு மாடி வரைக்கும் இது போதும். அதுக்கு மேல கயிறு, தொங்குதட்டு வேலை, அது வேற தொழில், வேற பயிற்சி, கோட்டைப் பக்கம் இருக்கிற உயரக் கட்டிடங்களுக்கு நான் சொல்றது பொருந்தாது.

இப்ப கணக்குக்கு வாறன். மோட்டர் பெட்டியில "30 மீற்றர்" எண்டு எழுதியிருக்கும், ஆகக்கூடினது எவ்வளவு உயரத்துக்கு தண்ணியைத் தள்ளும் எண்டது அது. 10 மீற்றர் உயரம் எண்டா 1 பார் அழுத்தம், அப்ப 30 மீற்றர் எண்டா 3 பார், அதுவும் தண்ணி ஓடாம நிக்கேக்க. நாலாம் மாடி ஜன்னல் 12 மீற்றர் எண்டு வையுங்கோ, அதுக்கே 1.2 பார் போயிட்டு. மிச்சம் 1.8 பார். இனி ஹோஸ். 100 மீற்றர் நீளம், உள்விட்டம் 6 மில்லிமீற்றர் ஹோஸ் ஒண்டில நிமிஷத்துக்கு 2 லீற்றர் தண்ணி போகோணும் எண்டா உரசல்ல மட்டும் கிட்டத்தட்ட 4 பார் போகும். எங்க இருக்கு 4 பார்? இருக்கிறதே 1.8. அதே நீளம், 8 மில்லிமீற்றர் ஹோஸ் போட்டா அந்த நாலு ஒண்டாக் குறையும். ரெண்டே மில்லிமீற்றர் தான் வித்தியாசம், கையில பிடிச்சுப் பாத்தா தெரியவும் மாட்டுது, ஆனா உரசல் கால்வாசி ஆகுது, ஏனெண்டால் விட்டம் கூடக் கூட உரசல் அதின்ர நாலாம் அஞ்சாம் அடுக்கு கணக்கில இறங்கும். தம்பிலியை மெல்லிய ஸ்ட்ரோவால உறிஞ்சிப் பாருங்கோ, கன்னம் நோகும், தம்பிலியில பிழை இல்லை.

அப்ப பெரிய மோட்டர் வாங்கினா? அதே மெல்லிய ஹோஸில ரெண்டு மடங்கு தண்ணி வேணுமெண்டா மூண்டு மடங்குக்கும் மேல அழுத்தம் வேணும். கரண்ட் பில்லும் ஏறும், ஹோஸும் வெடிக்கும், ஜொயின்ற் எல்லாம் கழரும், தண்ணி மட்டும் கொஞ்சமாத் தான் கூடும். இதைத் தான் நான் பொடியன்மாரிட்ட திருப்பித் திருப்பி சொல்றது, மோட்டருக்கு குடுக்கிற காசில பாதியை ஹோஸுக்கு குடு எண்டு. கேக்கிறாங்கள் இல்லை, மோட்டர் எண்டா கண்ணுக்குத் தெரியுது, சத்தம் போடுது, ஒரு முதலாளித்தனம் வருது போல.

சரி, அப்ப இன்னும் பெரிய ஹோஸா போடுவம், 12 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட அரை இஞ்சி எண்டு கேப்பீங்கள். உரசல் ஒண்டுமே இல்லை எண்டு சொல்லலாம். ஆனா 100 மீற்றர் 12 மில்லிமீற்றர் ஹோஸுக்குள்ள 11 லீற்றர் தண்ணி நிக்கும், அது 11 கிலோ, அதோட ஹோஸின்ர சொந்தப் பாரம், அதை கட்டிடத்தை சுத்தி மூலைமூலையா பகல் முழுக்க இழுத்தா பின்னேரம் நாரி போயிரும். 8 மில்லிமீற்றரில 5 லீற்றர் தான் நிக்கும், 6 மில்லிமீற்றரில 3 லீற்றர் கூட இல்லை. அதால 8 தான் நடுவில நிக்கிற நல்ல சைஸ். வேலை நடக்கிற இடம் கிட்ட எண்டா, வீட்டு வாசல்ல லொறி நிக்குது, 30 மீற்றர் போதும் எண்டா 6 தாராளம், அதை நான் குறை சொல்லேல்ல. தூரம் கூடினா தான் பிரச்சினை.

ஹோஸ் எங்க வாங்குறது? பழைய சோனகத் தெருவில கேட்டா முதல்ல காட்டுறது மேசன் பாஸ்மார் மட்டம் பாக்கிற லெவல் பைப், அது வேணாம், அதுக்குள்ள நூல் இல்லை, வெயில்ல இளகி வளையிற இடத்தில மடிஞ்சு அடைச்சுப்போடும், தெளிவான பைப் எண்டபடியா ரெண்டு மாசத்தில உள்ளுக்கு பச்சையா பாசியும் பிடிக்கும், பிறகு அந்தப் பாசி ஜெட்டில வந்து அடைக்கும். நூல் பின்னின ஹோஸ் கேளுங்கோ, வெளியில நிறம் போட்டது, மஞ்சளா இருந்தா நல்லது, நடைபாதையில போறவைக்குத் தெரியும், தடக்கி விழமாட்டினம். எத்தனை பார் தாங்கும் எண்டு ஹோஸிலயே அச்சடிச்சிருக்கும், வெயில்ல சூடாகினா அவ்வளவு தாங்காது எண்டதையும் மனசில வையுங்கோ, கொழும்பு வெயில்ல கொங்கிரீட்டில கிடக்கிற ஹோஸ் கையை வைக்கேலாத சூடு. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயருக்கு வாற 8.5 மில்லிமீற்றர் ஹோஸும் பாவிக்கலாம், அழுத்தம் நல்லாத் தாங்கும், கொஞ்சம் விறைப்பு, சுருட்ட பஞ்சி பிடிக்கும், ஆனா கடையில இருக்கு, மலிவு. ஏற்கனவே மருந்தடிச்ச பழைய ஹோஸை மட்டும் வாங்கிடாதேங்கோ.

ஜொயின்ற் பற்றியும் சொல்லோணும். 100 மீற்றர் வேணுமெண்டா 100 மீற்றர் ஒரே துண்டா வாங்குங்கோ, நாலு 25 மீற்றர் துண்டை பொருத்தாதேங்கோ, ஒவ்வொரு பொருத்துக்குள்ளயும் விட்டம் குறையுது, 8 மில்லிமீற்றர் ஹோஸ் போட்டுட்டு நடுவில 4 மில்லிமீற்றர் ஓட்டை உள்ள ஜொயினர் போட்டா என்ன பிரயோசனம். மூலையில இழுக்கேக்க மாட்டுறதும் அந்த ஜொயின்ற் தான், ஒழுகுறதும் அது தான். பிளாஸ்டிக்கை விட பித்தளை நல்லது, கிளிப் இறுக்கமா, மரையில த்ரெட் சீல் நல்லா சுத்தி. உறிஞ்சுற பக்கம், அதாவது தாங்கியில இருந்து பம்புக்கு வாற துண்டு, அது தள்ளுற ஹோஸை விட அகலமா இருக்கோணும், சப்பளியாததா இருக்கோணும், குட்டையா இருக்கோணும். அந்தப் பக்கம் ஒழுகினா தண்ணி வெளியால வராது, காத்து உள்ள போகும், அதால கண்ணுக்குத் தெரியாது, பம்ப் கடகடவெண்டு ஓடும், மேல தண்ணி விட்டு விட்டு வரும், "பம்ப் பழுதாப்போச்சு" எண்டு கொண்டு ஓடுவாங்கள். பழுது பம்பில இல்லை, ஒரு கிளிப்பில. பம்புக்கு முன்னால சின்ன வலை பில்டர் ஒண்டு கட்டாயம், தாங்கிக்குள்ள இருக்கிற ஒரு பிளாஸ்டிக் சீவல் உள்ள போனா வால்வ் மூடாது, பம்ப் ஓடும், அழுத்தம் ஏறாது.

பம்ப் எண்டா நான் சொல்றது 12 வோல்ட் டயபிராம் பம்ப். படகு, கரவன் வண்டிக்கெல்லாம் பூட்டுற வகை. 100 பி.எஸ்.ஐ. எண்டு போட்டிருக்கும், அது கிட்டத்தட்ட 7 பார், தண்ணி நிமிஷத்துக்கு 5 லீற்றர் அளவு. தாங்கிக்கு தண்ணி ஏத்துற மோட்டரோட பாத்தா 5 லீற்றர் எண்டது ஒண்டுமே இல்லை, ஆனா பிரஷ்ஷுக்கு வேண்டியதே ஒண்டரை ரெண்டு லீற்றர் தான். எங்களுக்கு வேண்டியது கொஞ்சத் தண்ணி, ஒழுங்கான அழுத்தம். கம்பில இருக்கிற டெப்பை மூடினா டயபிராம் பம்பில இருக்கிற பிரஷர் ஸ்விட்ச் தானா நிப்பாட்டும். வீட்டு மோட்டரில டெப்பை மூடினா அது சும்மா உள்ளுக்கயே தண்ணியைக் கலக்கிக்கொண்டு ஓடும், தண்ணி சூடாகும், சீல் போகும், ஜன்னல் கழுவுற ஆள் நிமிஷத்துக்கு நாலு தரம் டெப்பை மூடித் திறக்கிறவன், யோசிச்சுப் பாருங்கோ. பிளோ கொன்றோலர் எண்டு ஒரு சின்னப் பெட்டி வருது, அதை வாங்கக்கூடியவை வாங்குங்கோ, வேகத்தைக் குறைச்சு வச்சா பட்டரியும் மிஞ்சும், தண்ணியும் மிஞ்சும். டெப்பை மூடினதை அது கரண்ட் இழுவையில இருந்து கண்டுபிடிச்சு நிப்பாட்டும், ஆனா ஹோஸை மாத்தினா திரும்ப செட் பண்ணோணும், இல்லாட்டி டெப் திறந்திருக்கேக்கயே "மூடியாச்சு" எண்டு நினைச்சு நிண்டுபோகும்.

இந்த 12 வோல்ட் விஷயத்தை நான் விடாப்பிடியா சொல்றதுக்கு முக்கிய காரணம் உயிர். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். எக்ஸ்டென்ஷன் வயரை பல்கனியில இருந்து தொங்கவிட்டு, அதில மோட்டரை பூட்டி, மோட்டரை தண்ணி தேங்கின முற்றத்தில வச்சுட்டு, வெறுங்காலோட நனைஞ்ச கையோட நிக்கிற பொடியன்மாரை நான் கண்ணால பாக்கிறன். ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்யுதா எண்டு கேட்டா தெரியாது. அந்த 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் ஸ்விட்ச்சில டெஸ்ட் எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதை அமத்திப் பாத்தவை எத்தனை பேர்? 12 வோல்ட் எண்டா அந்தப் பயம் இல்லை. 2022இல கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலத்திலயும் பட்டரியில ஓடுறவன் வேலை செய்தான், மற்றவன் வீட்டில இருந்தான்.

பட்டரிக்கு பஞ்சிகாவத்தைக்குப் போங்கோ, ஆனா கார் ஸ்டார்ட் பண்ற பட்டரியை வாங்காதேங்கோ. அது ஒரு செக்கனுக்கு பெரிய கரண்ட் குடுக்க செய்தது, பகல் முழுக்க மெல்ல மெல்ல இறக்கினா கொஞ்ச நாள்ல தட்டு செத்துப்போகும். டீப் சைக்கிள் எண்டு கேளுங்கோ, சோலாருக்கு, இன்வேட்டருக்கு போடுறது. 110 ஆம்பியர் அவர் பட்டரியில பாதி தான் பாவிக்கலாம் எண்டு வச்சாலும் 55, பம்ப் 5 ஆம்பியர் இழுத்தா 11 மணித்தியாலம். ஒரு நாள் வேலைக்கு மேல. வயர் தடிப்பா, குட்டையா. 12 வோல்ட்டில 1 வோல்ட் வயர்ல போனா அது நூற்றுக்கு எட்டு வீதம், பம்ப் இழுத்து இழுத்து ஓடும். பியூஸ் பட்டரிக்குப் பக்கத்திலயே இருக்கோணும், பம்புக்குப் பக்கத்தில இல்லை, இடையில வயர் உரஞ்சி லொறி பொடியில பட்டா நெருப்புப் பிடிக்கிறது அந்த வயர் தான்.

தண்ணி. இது தான் கனபேருக்குத் தெரியாத விஷயம், ஹோஸை விட இது பெருசு எண்டும் சொல்லலாம். கம்பு முறையில கண்ணாடியைத் துடைக்கிறது இல்லை, கழுவி விட்டுட்டு காயவிடுறது. தண்ணி காயேக்க அதில கரைஞ்சிருக்கிற உப்பு, சுண்ணாம்பு எல்லாம் கண்ணாடியில வெள்ளைப் புள்ளியா நிக்கும். அதால தண்ணியில ஒண்டுமே இருக்கக்கூடாது, பட்டரிக்கு விடுற தண்ணி அளவுக்கு சுத்தம். டி.டி.எஸ். மீற்றர் எண்டு பேனை சைஸில ஒண்டு இருக்கு, தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்கு எண்டு காட்டுறது, மலிவு, அதில சைபர் காட்டோணும், 10 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில பத்துப் பங்குக்கு) மேல போனா புள்ளி தெரிய வெளிக்கிடும். கிணத்துத் தண்ணியில, அதுவும் கடலோரக் கிணத்தில, கழுவினா கழுவாமலே விட்டிருக்கலாம். சவுக்காரமும் வேணாம், சவுக்காரம் போட்டா மிச்சம் ஒட்டி நிண்டு தூசியை இன்னும் பிடிக்கும்.

கொழும்பில எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், பைப் தண்ணி களனி கங்கையில இருந்து அம்பத்தளையில சுத்திகரிச்சு வருது, மிச்சம் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கத்தில இருந்து, எல்லாம் மென்மையான தண்ணி. யாழ்ப்பாணத்து சுண்ணாம்புக்கல் தண்ணியோட ஒப்பிடவே ஏலாது, அங்க கேத்திலுக்குள்ள பாத்தாலே தெரியும். அதால இங்க சின்ன அளவில தொடங்கிறவைக்கு ஆர்.ஓ. மெஷின் (தண்ணியை மெம்பிரேன் எண்ட நுண்ணிய சவ்வுக்குள்ளால அமத்தி உப்பைப் பிரிக்கிறது) இல்லாம ரெசின் சிலிண்டர் (உப்பைப் பிடிச்சு வைக்கிற சின்ன மணிகள் நிரப்பினது) ஒண்டு மட்டும் போதும். ரெசின் எவ்வளவு நாள் ஓடும் எண்டது தண்ணியில எவ்வளவு உப்பு எண்டதில தான் இருக்கு, 50 காட்டுற தண்ணியில ஓடுற அளவில ஆறில ஒண்டு தான் 300 காட்டுற தண்ணியில ஓடும். மழை கனநாள் இல்லாட்டி களனி ஆத்தில உப்புத்தண்ணி கடல்ல இருந்து மேல ஏறி வாறதும் உண்டு, அந்த நேரம் மீற்றரை அடிக்கடி பாருங்கோ. ரெசின் முடிஞ்சா சிலவேளை மீன் மணம் மணக்கும், அதுவரைக்கும் காத்திருக்காதேங்கோ. ஆர்.ஓ. போடுறவை முன்னால கார்பன் பில்டர் போடுங்கோ, பைப் தண்ணியில இருக்கிற குளோரின் மெம்பிரேனை தின்னும். மெம்பிரேனுக்கு அழுத்தமும் வேணும், மொட்டை மாடித் தாங்கியில இருந்து வாற தண்ணி ஒரு பார் கூட வராது, பூஸ்டர் பம்ப் ஒண்டு வேணும். ஆனா தண்ணி சபையின்ர மெயின் லைன்ல நேரா மோட்டரைப் பூட்டி உறிஞ்சாதேங்கோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கு தண்ணி நிக்கும், நிலத்துக்கு கீழ லைன்ல எங்கயாவது வெடிப்பு இருந்தா ஊத்தைத் தண்ணியும் உள்ள இழுபடும். முதல்ல ஒரு தாங்கியில பிடிச்சு, தாங்கியில இருந்து இழுங்கோ.

தாங்கியை வண்டியில ஏத்துறவை பாரத்தை மறக்கிறாங்கள். 500 லீற்றர் எண்டா அரைத் தொன். பட்டா லொறி ஒண்டுக்கு ஆளோட, ஏணியோட அது போதும் போதும். ஓட்டோவில 200 லீற்றர் பரல் வச்சுக்கொண்டு போறதையும் பாத்திருக்கிறன், பிரேக் அடிச்சா தண்ணி முன்னுக்கு வரும், பரலும் வரும், அதுக்கு முன்னால இருக்கிறது டிரைவர். தாங்கியை சீட் பெல்ட் மாதிரி நாடாவால கட்டினா காணாது, வண்டிச் சட்டத்தில போல்ட் அடிச்சு இறுக்கோணும், உள்ளுக்கு தடுப்பு உள்ள தாங்கி எண்டா இன்னும் நல்லது. 500 லீற்றர், நிமிஷத்துக்கு ஒண்டரை எண்டா அஞ்சரை மணித்தியாலம் விடாம ஓடும், ஒரு நாளைக்கு ஆரும் அப்பிடி விடாம கழுவிறது இல்லை. தாங்கிக்கு மூடி, பரலுக்கு மூடி, வேலை முடிய ஹோஸ் தட்டில தேங்கிற தண்ணியைக் கவிட்டு ஊத்துங்கோ, இல்லாட்டி நுளம்பு முட்டை போடும், சுகாதாரப் பரிசோதகர் பீ.எச்.ஐ. ஐயா வருவார், அவர் வந்தா நியாயம் அவர் பக்கம்.

இன்னொரு கூட்டம் இருக்கு, வாகனம் கழுவுற பிரஷர் வோஷரை கொண்டுவந்து ஜன்னலுக்கு அடிக்கிறவை. அது 100 பாருக்கு மேல. அலுமினியம் பிரேமின்ர ரப்பர் பீடிங் கிளம்பும், சிலிக்கோன் விட்டுப்போகும், தண்ணி உள்ள போய் மெத்தையில ஊறும். ஊத்தையைக் கழட்டுறது பிரஷ், தண்ணி அதைக் கொண்டு போறதுக்கு மட்டும் தான். முதல் தரம் கழுவுற கண்ணாடி எண்டா மேல் பிரேமை முதல்ல நல்லா உரஞ்சி கழுவி, தண்ணி வடியவிட்டு, பிறகு கண்ணாடிக்கு வாங்கோ, இல்லாட்டி பிரேமுக்குள்ள இருந்து ஊத்தைக் கோடு இறங்கும், வீட்டுக்காரர் காசைக் குறைப்பார்.

கரண்ட் கம்பி பற்றி சொல்லாம விட்டா இந்தக் கடிதம் எழுதினதே பாவம். எங்கட ஒழுங்கைகள்ல போஸ்டுக்கும் பல்கனிக்கும் இடையில கை நீட்டினா தொடுற தூரம். கார்பன் பைபர் கம்பு கரண்டைக் கடத்தும். பாரம் குறைவு எண்டு எல்லாரும் அதைத் தான் விரும்புறாங்கள், பிளாஸ்டிக் போல கறுப்பா இருக்கிறபடியா கடத்தாது எண்டு நினைக்கிறாங்கள், கடத்தும். கிளாஸ் பைபர் கடத்தாது எண்டு சொன்னாலும் நனைஞ்சு ஊத்தை பிடிச்ச கம்பை நம்பேலாது. "சுத்தத் தண்ணி கரண்ட் கடத்தாது தானே அண்ணை" எண்டு ஒரு படிச்ச தம்பி கேட்டான். தாங்கிக்குள்ள இருக்கேக்க சரி, பிரஷ்ஷில உப்பும் ஊத்தையும் பட்ட அந்த நிமிஷமே அது சுத்தத் தண்ணி இல்லை, அது கம்பு வழிய கைக்குத் தான் இறங்குது. கம்பியிருக்கிற பக்கத்தை கழுவாம விடுங்கோ, இல்லாட்டி மின்சார சபையிட்ட சொல்லி லைனை நிப்பாட்டுவிச்சுட்டுக் கழுவுங்கோ. காசு குறைஞ்சாலும் பரவாயில்லை.

கடைசியா தொடர்மாடிக் கமிட்டிமாருக்கு. வெளிச்சுவர் எல்லாருக்கும் பொதுச் சொத்து, 1973ஆம் ஆண்டு அப்பார்ட்மன்ட் ஓனர்ஷிப் சட்டப்படி அதைப் பராமரிக்கிறது நிர்வாகக் கமிட்டியின்ர பொறுப்பு, ஆனா கழுவ வாறவனுக்கு ஒரு டெப் குடுக்கச் சொன்னா முகம் மாறுது. ஒரு தொடர்மாடியில செக்கியூரிட்டி ஐயா கீழ் டெப்புக்கு பூட்டுப் போட்டுட்டு செயலாளரைக் கேக்கச் சொன்னார், செயலாளர் தலைவரைக் கேக்கச் சொன்னார், தலைவர் மெல்பனில. பொடியன்மார் வாளியில தண்ணி வெளியால இருந்து காவினாங்கள், கம்பும் பம்பும் லொறியில சும்மா கிடந்தது, கடைசியில ஏணி தான். விழுந்திருந்தா? 1934ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, வேலையில காயப்பட்டா நட்டஈடு கேக்கலாம், ஆனா நாள்கூலிக்கு வாற பொடியனுக்கு ஆர் முதலாளி எண்டு நிரூபிக்கிறதுக்குள்ளயே வருஷம் போயிரும். விலை கேக்கேக்க "ஏணியோட எவ்வளவு, இந்த பம்ப் வச்சு எவ்வளவு" எண்டு ரெண்டு விலை கேக்கிற கமிட்டிமார் இருக்கினம். ரெண்டாவது விலையை மட்டும் கேளுங்கோ.

தண்ணி பில்லுக்குப் பயப்பிடுறவைக்கு கணக்கு இது தான். நாலு மாடிக் கட்டிடம் ஒண்டை கழுவ நாலு மணித்தியாலம் விடாம பம்ப் ஓடுது எண்டு வையுங்கோ, நிமிஷத்துக்கு ஒண்டரை லீற்றர், மொத்தம் 360 லீற்றர். அங்கயே ஆர்.ஓ. போட்டு எடுத்தா அதே அளவு தண்ணி கழிவாப் போகும், அதையும் பூமரத்துக்கு விடலாம், கார் கழுவலாம், அதோட சேத்தாலும் 720. உங்கட பில்லில ஒரு யூனிட் எண்டா 1000 லீற்றர். ஒரு யூனிட் கூட முடியேல்ல. அந்த டெப்பின்ர திறப்பை காலமை செக்கியூரிட்டி ஐயாவிட்ட குடுத்து வச்சிட்டுப் போங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து உங்கட பழைய வாசகன்